தாழை மரத்தடியில் குடியேறியவர்



2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யார் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று காலையில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். அன்று முழுக்க அந்த மாடிக்குப் போகும் லிஃப்டில் ஏறவே பயந்தோம். என் எதிர்வீட்டில் ஒட்டியபோது நானும் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். பால் பாக்கெட்டை அவர்கள் வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு, கதவு திறக்கும் முன் உள்ளே ஓடி வந்துவிடுவேன். பதினான்கு நாள் கழித்து அந்த அம்மா வெளியே வந்தார். காய்ச்சலைப் பற்றியோ இருமலைப் பற்றியோ அவர் குறை சொல்லவில்லை. இரண்டு வாரமாக ஒருவரும் தன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று மட்டும் சொன்னார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பதினான்கு நாளே அப்படி என்றால், சாகும்வரை இனி வீடு திரும்ப முடியாது என்று சொல்லி ஒரு தீவின் மூலையில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு, உடம்பில் எந்த நோயும் இல்லாத ஓர் இளைஞர் தானாகக் கை தூக்கிப் போனார். பதினாறு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தார். அவர் பெயர் டேமியன். அவருடைய பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே அவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாய், ஒழுகும் கூரை, குப்பை, சாவு, அக்கம்பக்கத்துச் சண்டை என்று நம் சங்கக் கூட்டத்தில் பேசும் விஷயங்களோடுதான் அவருடைய பெரும்பாலான நாட்கள் போயின. அதனால்தான் இந்தக் காலாண்டு இதழில் அவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி

பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ என்ற சிற்றூரில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர் ஜோசப் தே வூஸ்டர். அப்பா தானிய வியாபாரி. வீட்டில் ஏழாவது பிள்ளை. நன்றாக உழைக்கும் உடம்பு, படிப்பில் சுமார். வியாபாரத்தைக் கவனித்துக்கொள்வான் என்று அப்பா கணக்குப் போட்டு, பிரெஞ்சு மொழி கற்க வெளியூர் அனுப்பினார். ஆனால் பையனின் மனம் வேறு பக்கம் போனது. துறவு சபையில் ஏற்கெனவே சேர்ந்திருந்த அண்ணனைப் பின்பற்றி, 1859-ல் லூவன் நகரில் அதே சபையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர்தான் டேமியன்.

லத்தீன் தெரியாததால் குருவாகும் தகுதி இல்லை என்று முதலில் ஒதுக்கி வைத்தார்கள். அண்ணனிடமே உட்கார்ந்து லத்தீன் கற்றுக்கொண்டார். அவருக்கு எதையும் பாதியில் விடும் பழக்கம் இல்லை. இந்தப் பிடிவாதம் பிற்பாடு அவருக்கு நல்ல பெயரையும் கெட்ட பெயரையும் சேர்த்தே வாங்கித் தந்தது.

1863-ல் அண்ணனை ஹவாய் தீவுகளுக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. புறப்படும் நேரத்தில் அண்ணன் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். உள்ளூர் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பாரிஸில் இருந்த தலைமைக்கே தம்பி கடிதம் எழுதினார். அண்ணனுக்குப் பதில் நான் போகிறேன், கப்பல் கட்டணம் வீணாக வேண்டாம் என்பது அதன் சாரம். குருப்பட்டம் கூட இன்னும் பெறாத இளைஞருக்கு அனுமதி வந்தது. ஊருக்கு அருகில் இருந்த ஒரு மாதா கோயிலில் அம்மாவிடம் விடைபெற்றார். அதற்குப் பிறகு அம்மாவை அவர் பார்க்கவேயில்லை.

ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதக் கப்பல் பயணம். 1864 மார்ச் 19 அன்று ஹொனலுலுவில் இறங்கினார். இரண்டே மாதத்தில், மே 21 அன்று, அங்கேயே குருப்பட்டம் கொடுத்துப் பெரிய தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 24. ஹவாய் அன்று அமெரிக்காவின் மாநிலம் அல்ல, சொந்த அரசர் ஆண்ட தனி நாடு.

எரிமலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த அந்தத் தீவில் அடுத்த ஒன்பது ஆண்டுகள் சுற்றினார். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போவார், வழி இல்லாத இடத்தில் நடப்பார். தன் பங்கை ஒருமுறை சுற்றி வரவே பல வாரம் ஆகும். மக்களின் மொழியைக் கற்றார். அவர்களுக்கு டேமியன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை, கமியானோ என்று கூப்பிட்டார்கள். போகும் ஊரில் கோயில் இல்லையென்றால், மரத்தைத் தானே தோளில் சுமந்து, தானே ஆணி அடித்துக் கட்டுவார். இந்தத் தச்சு வேலைப் பழக்கம் பின்னால் எதற்கு உதவப் போகிறது என்று அன்று அவருக்கே தெரியாது.

மலையும் கடலும் போட்ட வேலி

வெளியிலிருந்து வந்த கப்பல்களோடு ஹவாய்க்குப் பல நோய்களும் வந்தன. அவற்றை அதுவரை கண்டிராத மக்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. கொத்துக் கொத்தாக இறந்தார்கள். தொழுநோயும் அப்படிப் பரவியது. மருந்து எதுவும் கிடையாது. பயந்துபோன அரசு 1865-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியே வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மொலோக்காய் தீவின் வடகரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டு. அதன் பெயர் கலௌபாபா. மூன்று பக்கமும் அலை மோதும் கடல். நான்காவது பக்கம் ஏறக்குறைய 2,000 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மலை. சுவரே கட்ட வேண்டியதில்லை. 1866 ஜனவரியில் முதல் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். நிலம் இருக்கிறது, பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். விரல் மழுங்கியவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டேமியன் வரும்வரை அங்கே எதுவுமே இல்லை என்று பலர் எழுதுவது சரியல்ல. நோயாளிகளே சேர்ந்து தங்களுக்கு ஒரு புராட்டஸ்டன்ட் சபையை உருவாக்கியிருந்தார்கள். கணவனைப் பிரிய மனமில்லாத மனைவியும், பிள்ளையைத் தனியே விட முடியாத தாயும், நோய் இல்லாமலே உடன் வந்து தங்கிப் பணிவிடை செய்தார்கள். அவர்களை ஹவாய் மொழியில் கோக்குவா என்பார்கள். உதவி செய்பவர் என்று பொருள். உலகம் அவர்களின் பெயர்களை எழுதி வைக்கவில்லை.

1873 மே மாதம், மாவி தீவில் ஒரு புதிய கோயிலின் அர்ச்சிப்புக்குக் குருக்கள் கூடியிருந்தார்கள். மொலோக்காயில் இருக்கும் கத்தோலிக்க நோயாளிகளுக்கு நிரந்தரமாக ஒரு குரு இல்லையே என்று ஆயர் மெக்ரே வருந்தினார். யாரையும் போகச் சொல்லி உத்தரவு போட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு இளம் குருக்கள் முன்வந்தார்கள். ஆளுக்குச் சில மாதங்கள் என்று முறை வைத்துப் போவதாகப் பேச்சு. முதல் முறை டேமியனுடையது. மே 10 அன்று ஆயரோடு கப்பலில் போய் இறங்கினார். அப்போது வயது 33. அவருடைய முறை முடியவேயில்லை.

ஒரு சாதாரண நாள்

தங்க வீடு இல்லை. சின்னக் கோயில் ஒன்று இருந்தது, அதன் அருகே ஒரு தாழை மரம். நம் கடற்கரைகளில் இருக்கும் தாழையின் இனம்தான், அங்கே பெரிதாக வளரும். அதன் அடியில்தான் முதல் சில வாரங்கள் படுத்தார். பக்கத்தில் கிடந்த ஒரு தட்டைப் பாறையே சாப்பாட்டு மேசை. பிறகு தானே ஒரு சிறு மரவீடு கட்டிக்கொண்டார். அதற்குப் பக்கத்திலேயே இடுகாடு.

நோயாளிகளைத் தொடக் கூடாது, அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சில நாட்களிலேயே அது நடக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஹவாய் மக்கள் சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் களியாக்கி, ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து விரலால் எடுத்துச் சாப்பிடுவார்கள். வந்தவர் கை நனைக்கவில்லை என்றால், அதைவிட அவமானம் அவர்களுக்கு வேறில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே? அவரும் உட்கார்ந்து கை நனைத்தார்.

காலையில் பூசை. அது முடிந்ததும் வீடு வீடாகப் போவார். புண்களைக் கழுவிக் கட்டுவார், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உணவு ஊட்டுவார், படுக்கையைச் சுத்தம் செய்வார். கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா, எதுவும் இல்லாதவரா என்று பார்ப்பதில்லை. அழுகும் புண்ணின் வாடை தொடக்கத்தில் அவரால் தாங்க முடியவில்லை. ஒருசில தடவை எழுந்து வெளியே ஓடியிருக்கிறார். அதைச் சமாளிக்கப் புகையிலைக் குழாய் பிடிக்கத் தொடங்கினார். உடையில் புகையிலை வாடை ஏறினால் மற்ற வாடை தெரியாது என்பது கணக்கு. பயமும் அருவருப்பும் இல்லாத பிறவி அல்ல அவர். அவற்றோடுதான் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தார்.

கோயிலில் ஒரு சிக்கல் இருந்தது. நோயின் காரணமாகப் பலருக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், அடிக்கடித் துப்ப வேண்டியிருக்கும். அதனால் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். நம்மைப் போன்றவர்களாக இருந்தால் துப்பாதீர்கள் என்று ஒரு போர்டு மாட்டியிருப்போம். டேமியன் ரம்பத்தை எடுத்துக் கோயிலின் மரத்தரையில் ஆங்காங்கே ஓட்டை போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, சுருட்டிய இலை வழியாக அதில் துப்பிக்கொள்ளலாம். அதன் பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

பாட்டுக் குழு அமைத்தார், வாத்தியக் குழு சேர்த்தார். ஆர்கன் பெட்டியின் முன் இருவர் உட்கார்ந்து வாசிப்பார்கள். இருவர் கையிலும் மிச்சம் இருந்த விரல்களைச் சேர்த்தால்தான் ஒரு பாட்டுக்குப் போதும். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குப் பையன்கள் விடுதி, பெண் பிள்ளைகள் விடுதி என்று இரண்டைத் தொடங்கினார். மாலையில் அங்கே போய்ச் சாப்பாடு ஆனதா என்று பார்ப்பார். இரவில் விளக்கு வைத்து அரசாங்கத்துக்கும் சபைக்கும் கடிதம் எழுதுவார். பெரும்பாலும் பலகை வேண்டும், துணி வேண்டும், மருந்து வேண்டும் என்ற பட்டியல்தான்.

தண்ணீர், கூரை, பெட்டி

அவர் வந்தபோது குடியிருப்பில் தண்ணீர் இல்லை. தொலைவில் ஓடும் ஓடையிலிருந்து சுமந்து வர வேண்டும். கால் மழுங்கிய ஒருவர் எத்தனை குடம் சுமப்பார்? குடிக்கவே பற்றாதபோது புண் கழுவ ஏது தண்ணீர்? டேமியன் விடாமல் எழுதிக் கேட்டு, அரசிடமிருந்து இரும்புக் குழாய்களை வரவழைத்தார். நடக்க முடிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, குழாய்களைத் தோளில் தூக்கி, ஒன்றோடொன்று பூட்டி, தண்ணீரைக் குடியிருப்புக்கே கொண்டு வந்தார். பிற்பாடு மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் உள்ளே வற்றாத சுனையைத் தேடிப் போய்ப் பார்த்து வந்தார். நம் மோட்டார் ஒரு நாள் ஓடாவிட்டால் நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குழாயில் முதன்முதலில் தண்ணீர் வந்த நாள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

அடுத்தது கூரை. புல்லும் இலையும் வேய்ந்த தாழ்ந்த குடிசைகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஈரத்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1874-ல் வீசிய பெருங்காற்று அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிய்த்துப் போட்டது. அந்த இழப்பையே அவர் வழியாக்கிக்கொண்டார். பலகையும் ஆணியும் கேட்டு வாங்கி, தரையிலிருந்து சற்று உயர்த்தி, காற்று வருகிற மாதிரி சின்னச் சின்ன மரவீடுகள் எழுந்தன. ரம்பமும் சுத்தியலும் அவர் கையில். எடுத்துக் கொடுக்கவும் பிடித்துக்கொள்ளவும் பையன்கள். முழுக் கை உள்ளவர்கள் மேலே ஏறினார்கள், இல்லாதவர்கள் கீழே நின்று யோசனை சொன்னார்கள்.

மூன்றாவது, சாவு. வாரம் தவறாமல் சாவு விழும் இடம் அது. முன்பெல்லாம் பெட்டி வாங்க வழியில்லாதவரை அப்படியே துணியில் சுற்றி ஆழமில்லாத குழியில் போட்டுவிடுவார்கள். பன்றியும் நாயும் தோண்டும். சாவதைவிட, செத்த பின் இப்படிக் கிடப்போமே என்ற பயமே நோயாளிகளை அதிகம் வாட்டியது. டேமியன் இடுகாட்டைச் சுற்றி வேலி அடைத்தார். குழி தோண்டினார், சவப்பெட்டி செய்தார். இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் அவர் கையால் ஆயின. நோயாளிகள் தங்களுக்குள் ஈமச்சடங்குச் சங்கமும் வைத்துக்கொண்டார்கள். யார் இறந்தாலும் மேளமும் பாட்டுமாக ஊர்வலம் போகும். நல்லபடி எடுத்துப் போட நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியம் வந்தது. அந்தத் தைரியத்துக்குப் பின்தான் பலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், வாசலில் பூச்செடி வைக்கவும் தொடங்கினார்கள்.

நாம் என்ற சொல்

அவர் வந்த சில மாதங்களிலேயே அவருடைய பிரசங்கத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. வழக்கமாகக் குருக்கள் என் சகோதரர்களே என்று தொடங்குவார்கள். டேமியன், தொழுநோயாளிகளாகிய நாம் என்று பேச ஆரம்பித்தார். அப்போது அவருக்கு நோய் வந்திருக்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடிப்பு என்று தோன்றியிருக்கும். தங்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, தங்கள் குழாயைத் தூக்கி, தங்கள் பெட்டியைச் செய்கிறவர் சொன்னதால் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

அவரையும் வெளியே விட அரசு தயங்கியது. ஒருமுறை அவருடைய சபையின் மேலதிகாரி கப்பலில் வந்தார். அவரிடம் பாவமன்னிப்புப் பெற டேமியன் படகில் ஏறிக் கப்பலின் அருகே போனார். கப்பலில் ஏறக் கூடாது, மேலிருப்பவர் கீழே இறங்கவும் கூடாது என்று கேப்டன் மறுத்துவிட்டார். ஆடும் படகில் நின்றபடி, அண்ணாந்து பார்த்து, மற்றவர்களுக்குப் புரியாத பிரெஞ்சு மொழியில் தன் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். அவர் தனிமையை இதைவிட நன்றாகக் காட்டும் சம்பவம் வேறில்லை.

அவர் எளிதில் பழகக்கூடிய மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரர், பிடிவாதக்காரர். நோயாளிகள் கிழங்கைக் காய்ச்சி ஒளித்து வைத்திருக்கும் சாராயத்தைக் கண்டுபிடித்தால் கைத்தடியாலேயே பானையை உடைப்பார். சுகாதார வாரியத்துக்கு அவருடைய கடிதம் என்றாலே தலைவலி. உதவிக்கு அனுப்பிய சக குருக்களோடும் ஒத்துப்போகவில்லை. அவர் இறந்த பின், அவர் அழுக்கர், முரடர் என்று ஹொனலுலுவிலிருந்த ஒரு புராட்டஸ்டன்ட் போதகர் எழுதினார். அதற்குப் பதில் எழுதியவர் புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவரும் கத்தோலிக்கர் அல்லர். டேமியன் இறந்த அடுத்த மாதம் கலௌபாபாவுக்கே போய்த் தங்கி விசாரித்தவர். குறைகளை அவர் மறைக்கவில்லை. மற்றவர்கள் வசதியான வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அங்கே போய் வேலை செய்தவர் யார் என்பதை மட்டும் 1890-ல் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் நினைவூட்டினார்.

1881-ல் ஹவாயின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசி லிலியுயோகலானி குடியிருப்பைப் பார்க்க வந்தார். பேச எழுந்தவர் எதிரே நின்ற மக்களின் முகங்களைப் பார்த்து, அழுகையில் பேச முடியாமல் போனார். திரும்பிச் சென்றபின் டேமியனுக்கு அரசின் உயர்ந்த விருதை அனுப்பினார். அதற்குப் பிறகுதான் உலகப் பத்திரிகைகள் அவரைத் தேடத் தொடங்கின.

சுடாத வெந்நீர்

1884-ஆம் ஆண்டின் இறுதி. களைத்துப் போய் வந்தவர் கால் கழுவப் பாத்திரத்தில் காலை வைத்தார். தோல் கொப்பளித்த பின்தான் தண்ணீர் கொதிநிலையில் இருந்தது தெரிந்தது. சூடே உறைக்கவில்லை. அத்தனை பேரைப் பார்த்தவருக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்குமா? அடுத்த ஆண்டு மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். அதுவரை அவர் பிரசங்கத்தில் சொல்லி வந்த நாம் என்ற சொல் அன்று முழு உண்மையாகிவிட்டது.

தொழுநோய் முதலில் நரம்பைத்தான் பாதிக்கும். தோல் மரத்துப் போகும், வலி தெரியாது. வலி தெரியாததால் சுட்டுக்கொள்வதும் வெட்டிக்கொள்வதும் உணரப்படாமல் புண்ணாகி, அதனால்தான் விரல்கள் குறைகின்றன. நோயே விரலைத் தின்னும் என்ற பழைய நம்பிக்கை தவறு. இதைத் தெளிவாக உலகுக்குக் காட்டி, மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். அது 1940-களின் கடைசியில். டேமியன் மொலோக்காயில் இறங்கிய அதே 1873-ல் நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் கிருமி தெரிந்ததற்கும் மருந்து கிடைத்ததற்கும் நடுவே எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. டேமியனுக்கு அது கிடைக்கவில்லை.

நோய் வந்த பிறகு அவர் வேலை அதிகமாயிற்றே தவிர குறையவில்லை. கட்ட வேண்டியவற்றை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். உதவிக்கு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். 1886-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜோசப் டட்டன் வந்தார், 1931-ல் சாகும்வரை அந்தக் குடியிருப்புக்காகவே வாழ்ந்தார். 1888-ல் அன்னை மரியான் கோப் தன் அருட்சகோதரிகளோடு வந்தார். இனி நான் இல்லாவிட்டாலும் நடக்கும் என்ற நிம்மதி டேமியனுக்கு வந்தது.

1889 ஏப்ரல் 15, புனித வாரத்தின் திங்கட்கிழமை, 49 வயதில் இறந்தார். முதல் வாரங்களில் படுத்திருந்த அதே தாழை மரத்தின் அடியில் புதைத்தார்கள்.

அந்தக் கை

1936-ல் பெல்ஜியம் அரசு கேட்டுக்கொண்டதால் அவருடைய உடலைத் தோண்டியெடுத்துக் கப்பலேற்றி லூவனுக்குக் கொண்டுபோனார்கள். கலௌபாபாவில் வாழ்ந்த நோயாளிகளுக்கு அது தாங்க முடியாத துக்கம். 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். புண் கட்டிய, ரம்பம் பிடித்த கை. அது மறுபடியும் பழைய இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

தனிமைப்படுத்தும் சட்டம் ஹவாயில் 1969-ல்தான் நீங்கியது. அதுவரை சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

டேமியனின் நாட்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் 1955-ல் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளிகளை அடைத்து வைக்காமல், ஊர் ஊராகப் போய் மரத்தடியிலேயே மருந்து கொடுத்தார்கள். மருந்து வாங்கிக்கொண்டு அவரவர் தங்கள் வீட்டுக்குப் போகலாம். மரத்தடி கிளினிக் என்றே அதற்குப் பெயர்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் நாட்டுச் சட்டத்தில் இருந்த பிரிவு 2019-ல்தான் நீக்கப்பட்டது.

ஆகவே உங்களிடம் சில செய்திகள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், மறைக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கூட்டு மருந்து சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும், மருந்து இலவசம். மருந்து தொடங்கிய பின் மிக விரைவிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்பவர், வாட்ச்மேன், பூ விற்கும் அம்மா யாருக்காவது அப்படி ஒரு படையைப் பார்த்தால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

ஊரடங்கில் நான் ஓடி வந்தேனே, அந்த எதிர்வீட்டு அம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். டேமியனைப் பற்றிப் படித்து முடித்த அன்று அவர் வீட்டு பெல்லை அடித்தேன். இந்த முறை கதவு திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.